அம்மாவுக்கு இன்னும் ஹேமந்தம் வரவில்லை

தீபாவளி முடிந்த கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். குளிர்காலத்தில் ஆரோக்கியமாக இருக்க ஆயுர்வேதம் சொல்லும் வழிகள். எள் சாப்பிடு, நெய் சேர், வெல்லம் சேர், உடம்புக்கு எண்ணெய் தேய், வெந்நீரில் குளி, காலையில் ஒரு ஸ்பூன் லேகியம், இரவில் மஞ்சள் பால். பக்கத்தில் சால்வை போர்த்திய ஒரு பெண், கையில் ஆவி பறக்கும் கோப்பை. தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவும் தப்பில்லை. ஆனாலும் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ முரண்டு பிடிக்கும். மயிலாடுதுறையில் அப்போது அடைமழை. கூடத்தில் குறுக்கே கொடி கட்டி, மூன்று நாளாகியும் காயாத துணி தொங்கும். ஃபேனைப் போட்டால் அம்மாவுக்குக் குளிரும், நிறுத்தினால் எனக்கு வேர்க்கும். அந்தப் படத்தில் உள்ள குளிர்காலம் எந்த ஊரில் நடக்கிறது?

இது வெறும் எரிச்சலாக இருந்து போயிருக்கும், தம்பி வீட்டு லட்டு வராமல் இருந்திருந்தால். தம்பி டெல்லியில் இருக்கிறான். அவன் மனைவிக்குப் பிறந்த வீடு பானிபட். வருடா வருடம் நவம்பரில் அவளுடைய அம்மா தன் கையால் லட்டு பிடித்து மகளுக்கு அனுப்புவார். போன வருடம் எங்களுக்கும் ஒரு டப்பா வந்தது. கோந்து லட்டு. சாப்பிடக்கூடிய மரப்பிசினை நெய்யில் போட்டால் படபடவென்று பொரிந்து வெள்ளையாக உப்பும். அதை நொறுக்கி, நெய்யில் சிவக்க வறுத்த கோதுமை மாவு, பாதாம், சுக்குப்பொடி, வெல்லம் எல்லாம் சேர்த்துச் சூட்டோடு உருட்டுவார்கள். ஒன்றைக் கையில் எடுத்தால் கனம் தெரியும். வைத்த பிறகும் விரலில் நெய் இருக்கும். "அக்கா, தினம் காலையில அம்மாவுக்கு ஒண்ணு குடு. மூட்டுக்கு நல்லது. குளிர்காலத்துல இதைத்தான் சாப்பிடணும்னு ஆயுர்வேதத்துலயே இருக்கு" என்றான் தம்பி. அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டு மென்று பார்த்தாள். "ருசியாத்தான் இருக்கு. இந்த மழையில இதைத் தின்னா நெஞ்சுலயே நிக்கும்டி. மேல எடுத்து வை" என்று டப்பாவை மூடிவிட்டாள்.

தம்பி சொன்னது பொய்யில்லை. நானே கண்டிருக்கிறேன். முன்பு ஒருமுறை ஜனவரியில் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது, காலை பத்து மணிக்கு மூடுபனி விலகியதும் அந்தக் கட்டிடமே மொட்டை மாடிக்கு ஏறிவிடும். கடுகெண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைத்திருப்பார்கள். குழந்தைக்குத் தேய்ப்பார்கள், கிழவர்கள் தங்கள் முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்வார்கள். தெருமுனையில் தள்ளுவண்டிக்காரர் வேர்க்கடலைக் குவியலின் மேல் கரி நெருப்பிட்ட சட்டியை வைத்திருப்பார். எள்ளும் வெல்லமும் சேர்த்துத் தட்டிய கஜக் இல்லாத வீடே கிடையாது. கீரை மசியலும் மக்காச்சோள ரொட்டியும், மேலே ஒரு கட்டி வெண்ணெய். ஊரில் அதில் பாதி சாப்பிட்டாலே மத்தியானம் வயிறு கல்லாக இருக்கும். அங்கே பன்னிரண்டு மணிக்கெல்லாம் மறுபடி பசித்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஜனவரி விடியற்காலையில் அங்கே 7, 8 டிகிரி. எங்கள் பக்கம் 20-ஐ ஒட்டி வந்தாலே ஊரெல்லாம் அதே பேச்சு.

ஆக, தம்பி பக்கம் சாஸ்திரமும் என் சொந்த அனுபவமும் இருந்தன. அம்மா பக்கம் ஒரே ஒரு வரி. எனக்கு என்னவோ அந்த வரிதான் சரி என்று பட்டது. ஏன் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

பசிச்சா, மணி ஆச்சுன்னா?

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் அம்மாவுக்குச் சளி கட்டியது. காய்ச்சல் இல்லை. இருந்திருந்தால் நேராக ரத்தப் பரிசோதனைக்குத்தான் கூட்டிப் போயிருப்பேன். டெங்கு உலவுகிற மழை நாட்களில் காய்ச்சலைக் கஷாயத்தோடு வீட்டில் வைத்துப் பார்ப்பது எனக்கு ஒப்பாத காரியம். இது வெறும் இருமல், தொண்டைக் கரகரப்பு, சாப்பாட்டில் மனமில்லாமை. கும்பகோணத்தில் அம்மா பல வருடமாகப் பார்க்கும் ஆயுர்வேத வைத்தியர் ஒருவர் இருக்கிறார், கல்லூரியில் முறையாகப் படித்தவர். அவரிடம் போனோம். சின்ன அறை. அரிஷ்டப் புட்டிகள், தைலவாசம், சுவரில் ஒரு மருந்துக் கம்பெனிக் காலண்டர். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். வெள்ளையாகப் படிந்திருந்தது. எனக்கோ லட்டு வழக்கைத் தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. சொன்னேன்: குளிர்காலத்தில் நெய்யும் வெல்லமும் நிறையச் சேர்க்கச் சொல்கிறார்கள், அம்மா மாட்டேன் என்கிறாள், யார் சரி?

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "பசிச்சுச் சாப்பிடுறீங்களாம்மா, இல்ல மணி ஆச்சேன்னு சாப்பிடுறீங்களா?"

"மணி ஆச்சேன்னுதான். இந்த மழையில பசி எங்க வருது?"

"அப்ப உங்களுக்கு இன்னும் ஹேமந்தம் வரலை."

ஹேமந்தம் என்றால் மார்கழி, தை முன்பனிக் காலம். அம்மாவுக்கு அது புரிந்ததா தெரியவில்லை, ஆனால் தனக்குச் சாதகமான தீர்ப்பு என்பது மட்டும் புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். வைத்தியர் பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார். வெளியே நல்ல குளிர் அடித்தால் தோல் இறுகிக்கொள்ளும். உள்ளே இருக்கிற சூடு வெளியே போக வழியில்லாமல் வயிற்றுக்குத் திரும்பும். அப்போது அக்னி, அதாவது சாப்பாட்டைச் செரிக்கும் நெருப்பு, கொழுந்துவிட்டு எரியும். கனமானதைப் போட்டால் அதை எரிக்கும், ஒன்றும் போடாவிட்டால் உடம்பையே எரிக்க ஆரம்பிக்கும். அதனால்தான் ஹேமந்தத்தில் நெய் சாப்பிடு, உளுந்து சாப்பிடு, பட்டினி கிடக்காதே என்று எழுதி வைத்தார்கள். "மழையில அந்த அக்னி ஈர விறகு மாதிரி. அது மேல நெய்யை ஊத்தினா புகையத்தான் செய்யும். இந்த இருமல் அந்தப் புகைதான்னு வச்சுக்குங்களேன்" என்றார்.

மருந்து என்று பெரிதாக ஒன்றும் எழுதவில்லை. ஒரு சூரணம். மற்றபடி சுக்கு தட்டிப் போட்டுக் கொதித்த வெந்நீர், பழைய அரிசிக் கஞ்சி, மிளகு ரசம், தூதுவளைத் துவையல். ராத்திரி தயிர் வேண்டாம். சளி இறங்குகிற வரை எண்ணெய்க் குளியல் வேண்டாம். மத்தியானத் தூக்கம் கூடவே கூடாது. இதில் கடைசியைக் கேட்டதும் அம்மாவின் வெற்றிக் களை கொஞ்சம் வாடியது.

ஐப்பசியில் நிலாக் காயச் சொன்னால்

வீட்டுக்கு வந்து, அலமாரியில் தூசி படிந்து கிடந்த, வாக்படர் எழுதிய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தின் தமிழ் உரையை எடுத்தேன். சூத்திர ஸ்தானத்தில் மூன்றாவது அத்தியாயம் ரிதுசரியை, பருவத்துக்குப் பருவம் எப்படி இருக்க வேண்டும் என்பது. வைத்தியர் சொன்ன அக்னி விஷயம் அப்படியே இருந்தது. அதைவிடச் சுவாரசியமானது வேறு ஒன்று. மழைக்காலத்துக்குச் சொல்லியிருப்பது பழைய தானியம். ஹேமந்தத்துக்குச் சொல்லியிருப்பது புது அரிசி. பழசு சீக்கிரம் செரிக்கும், புதுசு கனம். வானம் மூடி மழை கொட்டும் நாளில் புளிப்பும் உப்பும் கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்த, வறண்ட, எளிதான சாப்பாடு, கூடத் தேன் என்று இருக்கிறது. காய்ச்சிய தண்ணீர். பகல் தூக்கம் கூடாது. வைத்தியர் அம்மாவுக்குச் சொன்னது மழைக்காலத்து விதி. பட்டியல்காரர்கள் அனுப்புவது ஹேமந்தத்து விதி.

சரி, அப்படியானால் கணக்கு எங்கே பிசகுகிறது? மாதத்தில். நூலில் மழைக்காலம் சிராவணம், பாத்ரபதம், அதாவது சுமாராக நம் ஆவணி, புரட்டாசி. அதற்கு அடுத்த ஐப்பசி, கார்த்திகை சரத் ருது. மழை விட்டு, வானம் தெளிந்து, வெயில் சுள்ளென்று அடித்துப் பித்தம் ஏறும் காலம் அது. கசப்பும் இனிப்பும் சேர்த்துக்கொள், குளிர்ச்சியாக இரு, முன்னிரவில் மாடியில் நிலா வெளிச்சத்தில் உட்கார் என்கிறது நூல். ஐப்பசியில்! 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்று பழமொழி சொல்லும் ஊரில் மொட்டை மாடிக்குப் போனால் குடையைப் பிடித்துக்கொண்டுதான் நிலாவைத் தேட வேண்டும். வாக்படர் சிந்து தேசத்துக்காரர் என்பார்கள். அவர் கண்ட வானம் வேறு. அவருக்குத் தென்மேற்குப் பருவமழைதான் மழை. நமக்கு அக்டோபரில்தான் வடகிழக்குப் பருவமழையே தொடங்குகிறது; சென்னையின் வருட மழையில் ஏறத்தாழ 60 சதவீதம் அந்த மூன்று மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது.

கேரளத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. அவர்களுக்கும் இதே அஷ்டாங்க ஹிருதயம்தான் உயிர். கர்க்கடக மாதத்தில், நம் ஆடியில், அங்கே மழை பிடித்துக்கொள்ளும். நூலின் கணக்குக்கும் வானத்துக்கும் பெரிய பிணக்கு இல்லை. மருந்துக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார்கள், எண்ணெய்ச் சிகிச்சை எடுத்துக்கொள்கிறார்கள். மலையின் அந்தப் பக்கத்துக்குப் பொருந்துகிற மாதம் இந்தப் பக்கத்துக்குப் பொருந்தாது.

நம் பெரும்பொழுதுப் பிரிவில் இது வேறு மாதிரி இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். கார், கூதிர், முன்பனி, பின்பனி. அவர்களுடைய தெளிந்த சரத்துக்கு நேராக நம்மிடம் இருப்பது ஐப்பசி, கார்த்திகைக் கூதிர். நெடுநல்வாடை முழுக்க இந்தக் கூதிர்தான். மழைத் துவலை ஓயாததால் குறுகிய வாய்க் கலத்தில் இருக்கும் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, அகன்ற வாய்த் தடவில் நெருப்பைப் போட்டுக் காய்கிறார்கள், சந்தனம் அரைக்கும் கல் வேலையில்லாமல் கிடக்கிறது. குளிர்ந்த நீரை விடு, குளிர்ச்சியான பூச்சை விடு, நெருப்பருகே இரு. மருத்துவ நூல் இல்லை, பாட்டுதான். ஆனாலும் எங்கள் வீட்டுக் கார்த்திகைக்கு வாக்படரைவிட இந்தப் பாட்டு கிட்டத்தில் இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு ஆயுர்வேதம் நமக்கு ஆகாது என்று கிளம்பிவிடக் கூடாது. நிலம் எப்படியோ அதற்கு எதிர்க் குணமுள்ள உணவும் பழக்கமும்தான் அங்கே இருப்பவனுக்கு ஒத்துப்போகும் என்று இன்னொரு மூல ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில், அதன் பருவ அத்தியாயத்தின் முடிவிலேயே, சரகர் சொல்லிவிட்டார். நீர் நிறைந்த தாழ்ந்த நிலத்துக்கு அவர்கள் அனூபம் என்று பேர் வைத்து, அங்கே கபம் மேலோங்கும் என்று குறித்திருக்கிறார்கள். காவிரிக் கடைமடையைத் தவிர வேறு எது அனூபம்? நூலில் இந்த இடத்தைப் படிக்காமல் மாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டதுதான் பட்டியலோடு எனக்குள்ள சண்டை.

தீபாவளி மருந்தும் அப்போதுதான் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது. பண்டிகைக்கு வீட்டில் எண்ணெய்ச் சட்டி காய்வது அக்னி மிகவும் மந்தமாக இருக்கிற மழைக்காலத்தில். பண்டிகையை மாற்ற முடியாது. அதனால் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு, இனிப்பில் கை வைக்கும் முன்னால், ஒரு உருண்டை மருந்து. அம்மா செய்வது இப்படி: சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டதிப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், தனியா எல்லாவற்றையும் லேசாக வறுத்து இடித்துச் சலித்து, தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிடுவாள். வெல்லம் சேர்த்ததும் தளதளவென்று தெறிக்கும், கையில் பட்டால் கொப்புளம்தான். நெய்யும் நல்லெண்ணெயும் மாற்றி மாற்றி விட்டுக் கிளற வேண்டும். விட்ட நெய்யைக் குடித்துக் குடித்து, ஒரு கட்டத்தில் இனி வேண்டாம் என்று ஓரத்தில் கக்கும், சட்டியில் ஒட்டாமல் சுருளும். அதுதான் பதம். தேனை ஆறின பிறகுதான் விடுவாள். சூட்டில் தேன் சேர்க்கக் கூடாது என்பது ஆயுர்வேதத்திலும் கண்டிப்பான விதி. நெய்யும் வெல்லமும் லட்டில் உள்ளதுபோல இதிலும் இருக்கின்றன. ஆனால் இதில் காரம்தான் தலைவன், நெய் அதைத் தூக்கிச் செல்ல வந்தது. அளவும் நெல்லிக்காய் அளவுக்கு மேல் போகாது.

மார்கழியில் பசி வந்தது

மார்கழி பிறந்து ஒரு வாரம் போல இருக்கும். மழை ஓய்ந்துவிட்டது. விடியற்காலையில் எதிர்வீட்டு வேப்பமரம் பனியில் மங்கலாகத் தெரிந்தது. அம்மா இருள் பிரியுமுன்பே எழுந்து வாசலில் பெரிய கோலமாகப் போட்டுவிட்டு, கோயிலுக்குப் போய்த் தொன்னையில் பொங்கல் வாங்கி வந்தாள். வழக்கமாக எனக்கும் பாதி வைப்பாள். அன்றைக்கு நடையில் உட்கார்ந்தே முழுத் தொன்னையையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அந்த லட்டு கெட்டுப் போச்சா, இருக்கா?" என்று கேட்டாள்.

நூலில் இதற்கும் ஒரு வரி இருக்கிறது. ஹேமந்தத்தில் இரவு நீளம் என்பதால் மனிதனுக்கு விடிந்ததுமே பசிக்கும். பல் துலக்குவது முதலான காலைக் கடன்களை முடித்துவிட்டு மேற்கொண்டு செய்ய வேண்டியதைப் பார் என்று வாக்படர் சொல்கிறார். டெல்லியில் டிசம்பர் 21-ஐ ஒட்டி இரவு 13 மணி 40 நிமிடம் போல நீளும். எங்கள் ஊரில் பன்னிரண்டரை மணிதான். இருந்தும் அந்தக் கூடுதல் அரை மணி அம்மாவின் வயிற்றுக்குத் தெரிந்திருக்கிறது. மார்கழி விடியலில் ஊர் முழுக்கக் கோயில்களில் ஆவி பறக்கப் பொங்கல் கொடுப்பது பக்திக்காக மட்டும் என்று இனி என்னால் நினைக்க முடியாது. பச்சரிசி, பாசிப்பருப்பு, முழு மிளகு, சீரகம், தாராளமாக நெய். பசித்த வயிற்றுக்கு ஏற்ற கனம், கனத்தைச் செரிக்க மிளகு.

அப்புறம் திருவாதிரைக் களி. கூடவே பச்சை மொச்சையும் சேனையும் சர்க்கரைவள்ளியும் சேர்த்த கூட்டு. தெற்கே போனால் உளுந்தங்களி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் குழியில் நிற்க. தையில் அறுவடை வந்து புத்தரிசி. சரக சம்ஹிதையில் ஹேமந்தத்துக்கு ஒரு சுலோகம் வருகிறது: பாலில் வந்தவை, கரும்பில் வந்தவை, கொழுப்பு, எண்ணெய், புது அரிசிச் சோறு, வெந்நீர், இவற்றை ஹேமந்தத்தில் பழக்கமாக வைத்திருப்பவனுக்கு ஆயுள் குறையாது என்று. கரும்பு, பால், புது அரிசி. இதைப் படித்துவிட்டுப் பொங்கப்பானையை நினைக்காமல் இருக்க முடியுமா? சுலோகத்தைப் பார்த்து யாரும் பொங்கல் வைத்திருக்க மாட்டார்கள், வயல் கொடுத்தது அது. மழை நாளெல்லாம் குதிரில் இருந்த பழைய நெல்லைத் தின்று, பனி நாளில் களத்துக்கு வந்த புது நெல்லைத் தின்றார்கள். மழைக்குப் பழசு, பனிக்குப் புதுசு என்கிற விதியை டெல்டாவின் சம்பாப் பட்டமே பார்த்துக்கொண்டது.

எண்ணெய்க் குளியலும் மார்கழியில்தான் திரும்ப வந்தது. இரும்புக் குழிக்கரண்டியில் நல்லெண்ணெய், நாலு மிளகு, கொஞ்சம் சீரகம். மிளகு வெடித்ததும் இறக்கிவிடுவாள். வெதுவெதுப்பாக உச்சியில் வைத்து, காது, தொப்புள், உள்ளங்கால் என்று ஒரு வரிசை உண்டு. வெந்நீர்க் குளியல், பிறகு சாம்பிராணிப் புகையில் தலை காட்டல். சளி பிடித்தவனும் செரிக்காமல் கிடப்பவனும் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று நூலிலும் இருக்கிறது. அம்மா அதை 'தலையில நீர் கோத்துக்கும்' என்ற மூன்று சொல்லில் முடித்துவிடுவாள். குளித்த பிறகு அகில் புகை போடச் சொல்லும் நூலுக்கும் எங்கள் வீட்டுச் சாம்பிராணிக்கும் அதிக தூரமில்லை.

இருக்கை இன்பம், தூக்க இன்பம்

லட்டு டப்பாவைக் கீழே இறக்கியதும் எனக்கும் கை நீண்டது. எனக்குச் சர்க்கரை உண்டு, இரண்டு வருடமாக மாத்திரை. ஹேமந்தம் வந்துவிட்டது, பசியும் இருக்கிறது, நூலே சாப்பிடச் சொல்கிறது என்று வக்கீல் மாதிரி வாதாடிப் பார்த்தேன். அடுத்த முறை கும்பகோணம் போனபோது வைத்தியரிடமும் இதே வாதம். அவர் சரகரின் இன்னொரு சுலோகத்தைச் சொன்னார், சிகிச்சா ஸ்தானத்தில் பிரமேக அத்தியாயம். நீரிழிவு எதனால் வரும் என்று அடுக்குகிற இடம். உட்கார்ந்தே இருக்கும் சுகம், தூங்கிக்கொண்டே இருக்கும் சுகம், தயிர், நீர்ப்பாங்கான இடத்து விலங்குகளின் மாமிச ரசம், பால், புது அரிசி, வெல்லத்தில் செய்தவை, கபத்தைக் கூட்டும் எல்லாமே.

பாலும் புது அரிசியும் வெல்லமும். ஒரு அத்தியாயத்தில் ஆயுளைக் காப்பாற்றுகிற அதே பொருட்கள் இன்னொரு அத்தியாயத்தில் நோய்க்குக் காரணம். முரண்பாடு என்று முதலில் நினைத்தேன். பிறகு வாக்படரின் ஹேமந்தப் பகுதியை மறுபடி படித்தபோது, பட்டியல்காரர்கள் விட்டுவிட்ட இடம் கண்ணில் பட்டது. அங்கே ஹேமந்தத்து அக்னி வலுப்பது பலசாலிக்கு என்றே ஆரம்பிக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் எண்ணெய் தேய்ப்பு, உடம்பைப் பிசைந்து மிதித்தல், அளவறிந்து மல்யுத்தம். நெய்ச் சாப்பாடு சாப்பிடுகிற பலசாலி குளிர்காலத்தில் தன் சக்தியில் பாதி செலவாகும் அளவுக்கு உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று வேறொரு இடத்தில் வருகிறது. லட்டைப் பார்சலில் அனுப்பிவிடலாம், மல்யுத்தத்தை எப்படி அனுப்புவது? பானிபட் பாட்டிகள் இந்த லட்டைப் பிடித்தது கோதுமை வயலில் நின்றவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும். என் தம்பி ஹீட்டர் முன்னால் லேப்டாப்போடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். டெல்லிக் காற்று இருக்கிற லட்சணத்தில் டிசம்பர் காலையில் நடக்கப் போ என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதற்கு எந்தப் பழைய நூலிலும் விதி கிடையாது.

லேகியங்கள் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. 2020-இல் கொரோனா பரவியபோது ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட அறிவுரையில் காலையில் 10 கிராம் சியவனப்பிராசம் என்று இருந்தது, சர்க்கரை நோயாளிகள் சர்க்கரை சேர்க்காததை எடுத்துக்கொள்ளவும் என்று சேர்த்தே இருந்தது. முதல் பாதி மட்டும் இன்றுவரை ஃபார்வர்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. என் வீட்டில் அதை நெல்லிக்காய் பார்த்துக்கொள்கிறது. மார்கழி, தையில் நெல்லிக்காய் நன்றாக வரும். கொட்டை நீக்கி இஞ்சியோடு துவையல் அரைத்தால் எனக்கு அது போதும்.

அம்மா தினம் பாதி லட்டு சாப்பிட்டாள், கோலம் போட்டு முடித்த பிறகு. எனக்கு வைத்தியர் அனுமதித்தது எள்ளுப்பொடியும், இரண்டு வேளை நடையும், மத்தியானம் படுக்காமல் இருப்பதும். நெய் கொஞ்சம் உண்டு, வெல்லம் இல்லை. பொங்கலன்று ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலுக்குச் சலுகை கேட்டேன். "நான் பார்க்கலை" என்றார்.

மாசியில் மறுபடி எல்லாம் மாறும். பனிக்காலத்தில் சேர்ந்த கபம் வெயில் ஏற ஏற உருகி மூக்குக்கும் நெஞ்சுக்கும் வரும் என்பதால், அப்போதும் நெய்யும் உளுந்துமாக இருந்தால் பங்குனியில் பாயில் விழ வேண்டியதுதான். ஒரே நாளில் நிறுத்தவும் கூடாதாம். போகிற பருவத்தின் கடைசி ஏழு நாளும் வருகிற பருவத்தின் முதல் ஏழு நாளும் சந்திக் காலம், அதற்குள் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பதினான்கு நாளுக்குக் கொள்ளு ரசம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று வைத்திருக்கிறேன். அம்மா அதற்கு மறுப்புச் சொல்வதில்லை. ராத்திரித் தயிரைத்தான் எந்தப் பருவத்திலும் விட மாட்டேன் என்கிறாள். கடைசியில் வைத்தியரே இறங்கி வந்து, இஞ்சி தட்டிப் போட்ட மோருக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறார். அதில் தண்ணீரை எவ்வளவு விடுவது என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.